கல்லாவில் இருப்போரும் நடை யந்திரமும்

சரக்கு வாங்குவதில் நம் வியாபாரிகளை ஏமாற்றுவது எளிதல்ல. அரிசி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தே அது புது அரிசியா, பழைய அரிசியா என்று சொல்லிவிடுவோம். துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தால் போதும், விலையைச் சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட நம்மவர்கள் தங்கள் சரீரத்துக்காக ஒரு சாமான் வாங்கப் போகும்போது மட்டும் அதன் மினுமினுப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தெலுக் இந்தானில் நமக்குத் தெரிந்த வீடுகளிலேயே டிரெட்மில் எனப்படும் நடை யந்திரம் நாலைந்து இருக்கிறது. ஒன்றின் மேல் கைலி காய்கிறது. இன்னொன்றின் மேல் கடையின் பழைய பில் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. மூன்றாவது, வாங்கிய ஏழாம் வாரத்தில் மோட்டார் கருகி, மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் வாங்கினார்கள். டாக்டர் சொன்னார், பிள்ளைகள் வற்புறுத்தினார்கள், வாங்கினார்கள். ஆகவே கனத்த சரீரம் உள்ள நம்மவர் ஒருவர் இந்த யந்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எப்படித் தொடங்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று எண்ணினோம்.

முதலில், நமக்கு இது ஏன் வேண்டும் என்று பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் துணி மூட்டையைத் தலையிலும் தோளிலும் சுமந்து, தோட்டம் தோட்டமாக நடந்து, லயன் வீடுகளில் விற்று வந்தவர்கள் உண்டு. அவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்; சாப்பிட்டதை வழியிலேயே செலவழித்தார்கள். நாமோ அவர்களுடைய சாப்பாட்டை மட்டும் வாரிசாக எடுத்துக்கொண்டோம். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு ஒன்பது மணிக்கு அடைக்கும் வரை பணப்பெட்டியை விட்டு எழ முடியாது. தேத்தண்ணீர் நாம் இருக்கும் இடம் தேடி வருகிறது. ரொட்டி சானாயும் தேடி வருகிறது. நாற்பது வயதுக்குள் சட்டையின் கீழ்ப் பொத்தான் மூடாமல் நிற்கிறது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரை ஆராய்ந்து, ஜீன் மேயர் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1956ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார், யார் எவ்வளவு எடை இருக்கிறார் என்பதுதான் ஆராய்ச்சி. மூட்டை தூக்குகிறவன் அதிகம் சாப்பிட்டான். இலேசான வேலை செய்கிறவன் குறைவாகச் சாப்பிட்டான். இருவருடைய எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலைக்குத் தக்கபடி பசி எடுத்தது. ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் இந்தக் கணக்குத் தப்பிவிட்டது. அவர்கள் மூட்டை தூக்குகிறவனுக்கு ஈடாகச் சாப்பிட்டார்கள். எடையிலும் எல்லோரையும் மிஞ்சி நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் நின்றவர்கள் யார் தெரியுமா? ஆலையின் கடைத்தெருவில் கடை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள். அதாவது நாம்தான். உட்கார்ந்தே இருக்கிறவனுக்குப் பசி ஒழுங்கான கணக்குப்பிள்ளையாக இருப்பதில்லை என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு ஆராய்ச்சி லண்டனில் நடந்தது. அந்த நகரத்தின் மாடி பஸ்களில் ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். ஓட்டுநர் பொழுதெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிறார். நடத்துநர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்குகிறார். ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல் என்பது கணக்கு. நம் ஊர் சாய்ந்த கோபுரத்தின் படிகள் 110. அப்படியானால் அந்த மனிதர் தினமும் நம் கோபுரத்தை ஏறக்குறைய ஐந்து தடவை ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் இவர்களை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு. வந்தாலும் அதில் உயிர் போவது குறைவு. 1956இல் அவர் இன்னொரு வேலையும் செய்தார். பஸ் கம்பெனி தன் ஆட்களுக்குத் தைத்துக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பு அளவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு, நடத்துநர்களின் இடுப்பைவிடப் பெரிதாக இருந்தது. துணிக்கடைக்காரர்களான நம் சகோதரர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒல்லியான நடத்துநரோடு, தொந்தி விழுந்த நடத்துநருக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. எடை குறைந்தால்தான் பலன் என்பதில்லை. கனத்த சரீரத்தோடு நடந்தாலும் இருதயத்துக்கு அது வரவில் சேருகிறது. "ஒரு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை, விட்டுவிட்டேன்" என்று சொல்லும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (டாக்டர் மோரிஸ் தாமும் விடாமல் தேகப் பயிற்சி செய்தவர்; 2009இல் தமது 99ஆம் வயதில்தான் காலமானார்.)

நம் நாட்டின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 100க்கு 54 பேர் எடை மிஞ்சியவர்கள். ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. உங்கள் நிலையை அறியத் தராசுகூட வேண்டியதில்லை. கடையில் இருக்கும் அளவு நாடாவை எடுங்கள். விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு, சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்களுக்கு 80 செண்டிமீட்டர், சுமார் 31½ அங்குலம். அதற்கு மேல் போனால் நடக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொருள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது அளவில் கள்ளம் செய்வதாகும். அதை நாம் வாடிக்கைக்காரருக்கும் செய்வதில்லை.

நிற்க. இந்த நடை யந்திரம் பிறந்த கதை விசித்திரமானது. 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் சிறைக் கைதிகளைத் தண்டிப்பதற்காக ஒரு பெரிய மிதிசக்கரத்தை அமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் அதன் படிகளை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஓர் அடியும் உயர மாட்டார்கள். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஒழிந்தது. பின்னர் 1950களில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டாக்டர் ராபர்ட் புரூஸ், ஓடும் வாரின் மேல் நோயாளியை நடக்க வைத்து இருதயத்தைப் பரிசோதிக்கும் முறையைக் கண்டார். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' செய்துகொண்ட நம் அன்பர்கள் ஏறி நின்றது அந்த முறையில்தான். 1960களின் பிற்பகுதியில் வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்க எஞ்சினியர் அதை வீட்டில் வைக்கும் அளவுக்கு மலிவாகச் செய்தார். தண்டனைச் சாமான் வைத்தியச் சாமானாகி, இப்போது தவணை முறையில் வீட்டுக்கே வருகிறது.

வாங்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இது நமக்கு அவசியந்தானா? நம் ஊர் மேடு பள்ளம் இல்லாத ஊர். சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி நடக்கலாம், ஆற்றங்கரையில் நடக்கலாம். ஒரு காசு செலவில்லை. இருந்தாலும் வெளியே நடக்கத் தடைகள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. பிற்பகலில் மழை கொட்டுகிறது. விடியற்காலையில் நாய்த் தொந்தரவு. சில மாதங்களில் புகைமூட்டம். இவற்றைவிடப் பெரிய தடை வெட்கம். 110 கிலோ எடையுள்ள மனிதர் அரைக்கால் சட்டையோடு தெருவில் நடந்தால், "என்ன பாய், கடன்காரனுக்குப் பயந்து ஓடுறீங்களா?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். தமாஷாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மறுநாள் அந்த மனிதர் வெளியே வருவதில்லை. வீட்டுப் பெண்மக்களுக்கு இந்தத் தடை இன்னும் பெரிது. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு யந்திரம் உபகாரமாக இருக்கும்.

நாம் சொல்லும் யோசனை இது. முதலில் 30 நாள், யந்திரம் இல்லாமலே நடந்து பாருங்கள். வீட்டுக்குள், கார் நிறுத்துமிடத்தில், கடை முன் அஞ்சடியில், எங்கே வேண்டுமானாலும் நாளுக்குப் பத்து நிமிஷம். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். 30 நாளில் 20 நாளாவது நடந்திருந்தால் கடைக்குப் போங்கள். இல்லாவிட்டால் யந்திரம் வந்தும் கைலி காயத்தான் உதவும். கணக்குப் போட்டால் விளங்கும். 2,500 வெள்ளிக்கு ஒன்று வாங்கி, வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 வருஷம் நடந்தால் 780 தடவை. ஒரு நடைக்கு 3 வெள்ளி 20 காசு. இருபதே தடவை நடந்து நிறுத்திவிட்டால் ஒரு நடைக்கு 125 வெள்ளி. இவ்வளவு விலை கொடுத்து நடந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்!

இனி கடைக்குள் போவோம். விற்கும் தம்பி என்ன சொல்வார்? "பாய், இது 16 கிலோமீட்டர் வேகம் போகும். 36 புரோகிராம் இருக்கு. புளூடூத்ல பாட்டுக் கேக்கலாம்." நமக்கு இவை ஒன்றும் வேண்டாம். புதிதாகத் தொடங்கும் கனத்த மனிதர் மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில்தான் பல மாதம் நடக்கப் போகிறார். 16 கிலோமீட்டர் என்பது அவர் வாழ்நாளில் தொடாத பொத்தான். நாம் கேட்க வேண்டிய கேள்வி: "தம்பி, 100 கிலோ ஆள் ஏறி நின்று, 2 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் மோட்டார் சூடேறாமல் இருக்குமா?"

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வேகமாக ஓடினால் யந்திரத்துக்குச் சிரமம், மெதுவாக நடந்தால் சுலபம் என்று அனேகர் நினைக்கிறார்கள். கனத்த சரீரத்தின் விஷயத்தில் இது பெரும்பாலும் தலைகீழ். நாம் வாரின் மேல் கால் வைக்கும்போது நம் எடை வாரைப் பலகையோடு அழுத்துகிறது. மெதுவாக நடப்பவரின் கால் வாரின் மேல் அதிக நேரம் தங்குகிறது. அந்த அழுத்தத்தை மீறி வாரை இழுக்க மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கிறது. சாதாரண வீட்டு யந்திரங்களில் மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். ஆக, பாரம் அதிகம், காற்றுக் குறைவு. மேலே சொன்ன அந்த ஏழு வார யந்திரம் இப்படித்தான் கருகியது. அதன் சொந்தக்காரர் ஒரு நாளும் ஓடியவரல்லர். "மெதுவாத்தானே நடந்தேன்" என்று இன்றுவரை ஆச்சரியப்படுகிறார்.

ஆகவே மோட்டாரின் சக்தியைப் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு விதக் கணக்கு உண்டு. ஒரு கண நேரம் தரக்கூடிய உச்ச சக்தி ஒன்று. விடாமல் ஓடும்போது தரும் தொடர் சக்தி மற்றொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது உச்ச சக்தி. 6 குதிரைச் சக்தி, 7 குதிரைச் சக்தி என்றெல்லாம் போடுவார்கள். நம் வீட்டு பிளக் 13 ஆம்பியர். மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். வகுத்துப் பாருங்கள், நாலுதான் வருகிறது. சுவரிலிருந்து நாலு குதிரை வரும்போது யந்திரத்துக்குள் ஏழு குதிரை எப்படி விடாமல் ஓடும்? தொடர் சக்தி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நம் போன்றவர்களுக்கு 2½க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 100 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் 3 பார்க்கலாம்.

அடுத்தது தாங்கும் எடை. லாரிக்குப் பாரம் எழுதியிருப்பது போல இதற்கும் எழுதியிருக்கும். எழுதியிருக்கும் பாரத்தைக் கடைசிக் கிலோ வரை ஏற்றுகிறவன் லாரியை நீண்ட நாள் வைத்திருக்க மாட்டான். எழுதிய எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நம்ப வேண்டும். 130 கிலோ என்று எழுதியிருந்தால் 104 கிலோ ஆளுக்குச் சரி. இதில் வீட்டிலேயே எடை கூடியவர் யாரோ அவருடைய எடையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். அத்தாவுக்கென்று வாங்கியதை உம்மாவும் அண்ணனும் பயன்படுத்துவார்கள். யந்திரத்தின் சொந்த எடையையும் விசாரியுங்கள். ஒருவர் தனியாகத் தூக்கிவிடக்கூடிய யந்திரம், கனத்தவர் ஏறினால் ஆடும். ஆடுகிற யந்திரத்தின் மேல் பயம் வரும். பயம் வந்தால் நடை நின்றுவிடும்.

வாரின் அகலம் 45 செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 50 இருந்தால் மிக நல்லது. தொடை பெருத்தவர்கள் காலை அகற்றி வைத்தே நடப்பார்கள். குறுகிய வாரில் கால் ஓரத்துக்குப் போய்விடும். நடப்பதற்கு நீளம் 120 செண்டிமீட்டர் போதும். இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று 'வாக்கிங் பேட்' என்ற தட்டையான ஒன்றைக் கைப்பேசிக் கடைகளில் மலிவாக விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் கைப்பிடி இல்லை, தாங்கும் எடையும் குறைவு. கனத்தவர் முதல் முதலாக ஏறுவதற்கு அது ஏற்றதல்ல என்பது நம் அபிப்பிராயம். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிற்றோடு ஒரு பாதுகாப்புச் சாவி இருக்கும். நாம் தவறி விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு வந்து வாரை நிறுத்திவிடும். அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். யந்திரம் தொடங்கும் வேகம் 1 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வாரை இழுக்கும் யந்திரம் ஆளைத் தள்ளிவிடும்.

எல்லாவற்றிலும் நல்ல பரீட்சை, ஏறி நடந்து பார்ப்பதுதான். சப்பாத்தோடு கடைக்குப் போங்கள். 2 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிஷம் நடங்கள். ஒவ்வொரு முறை குதிங்கால் படும்போதும் வார் ஒரு கணம் தயங்கி நின்று இழுக்கிறதா என்று கவனியுங்கள். தயங்கினால் அந்த மோட்டார் உங்களைச் சுமக்கப் போதாது. கருகல் வாடை வந்தால் சொல்லவே வேண்டாம். பதினைந்து நிமிஷம் விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். நாம் சைவாங்கு அளந்து காட்டாமல் துணி விற்கிறோமா?

உத்தரவாதத்தில் மோட்டாருக்கு ஐந்து வருஷம் என்று போட்டிருப்பார்கள்; மின்பலகைக்கும் கூலிக்கும் எத்தனை மாதம் என்று கேளுங்கள். மெக்கானிக் எங்கிருந்து வருவார், வரும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். நம் ஊருக்கு ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோதான் ஆள் வர வேண்டியிருக்கும். பழைய யந்திரம் வாங்குகிறவர்கள் வாரைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வழவழவென்று தேய்ந்து கண்ணாடி போல் இருந்தால் அதன் காலம் முடிந்தது.

வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்கு மேல் குடியிருப்பவர்கள் பழைய பலகைத் தளத்தில் இதை வைக்க வேண்டாம். சிமெண்டுத் தரையே நல்லது. வெள்ளம் ஏறும் வீடாக இருந்தால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். மோட்டார் தரையை ஒட்டி இருப்பதால் அரை அடித் தண்ணீரே அதைக் கொன்றுவிடும். பின்பக்கம் 2 மீட்டர் காலியாக விடுங்கள். பின்னால் சுவர் இருந்தால் விழுந்தவர் வாருக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொள்வார். பிளக்கை நேராகச் சுவரில் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பி வேண்டாம். நடந்து முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நம் நாட்டு இடி மின்னல் தெரிந்ததே. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சிவப்புச் சாவி கல்லாச் சாவியோடு இருக்க வேண்டும். ஓடும் வாரில் குழந்தையின் கை மாட்டினால் தோல் தீய்ந்துவிடும்.

தொடங்குமுன் டாக்டரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா, தலை சுற்றுகிறதா, இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டு வையுங்கள், பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்கள் நடக்குமுன்னும் பின்னும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சப்பாத்து உரசிய புண் அவர்களுக்குத் தெரியாது. நல்ல சப்பாத்து இல்லாமல் ஏற வேண்டாம். கைலி கட்டிக்கொண்டு ஏறவே கூடாது. தரைபடும் துணியை வார் இழுத்துவிடும்.

முதல் நாள் இரண்டு ஓரப் பலகைகளிலும் கால் வைத்து நின்று, கயிற்றை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அதன் பிறகு ஒரு காலாக வாரில் வையுங்கள். ஐந்து நிமிஷம் நடந்து இறங்கிவிடுங்கள். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இவ்வளவுதான். காலையில் ஐந்து, இரவில் ஐந்து; இப்படி இரண்டு வாரம். பிறகு மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் கூட்டுங்கள். முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும், பிறகு வேகம், கடைசியில் ஏற்றம். இந்த வரிசையை மாற்றினால் முழங்கால் பழிவாங்கும். வேகம் சரியா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் நாகூர் ஹனீபா பாட்டை அவர் பாடிய உச்சத்தில் பாட முடியக் கூடாது. பேசவும் முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நடக்கலாம். அதில் சாய்ந்து தொங்கக் கூடாது. நெஞ்சில் இறுக்கமோ, தாடையில் அல்லது இடது கையில் வலியோ கண்டால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வரவழைப்பது நம்மவர்களிடம் இருக்கும் பெரிய ஆபத்து. கல்லாவிலேயே சாய்ந்து போனவர்கள் சிலருடைய கடைசி வார்த்தை வாயு என்பதாகத்தான் இருந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் நடையைக் குறைந்த அளவாகச் சொல்கிறது. அதை அடைய மூன்று நாலு மாதம் ஆனால் ஆகட்டும். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பத்து நிமிஷத்துக்குத் தனிப் பலன் உண்டு. நீரிழிவுக்காரர்களைக் கொண்டு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே மூச்சில் 30 நிமிஷம் நடப்பதைவிட மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் நடப்பது இரத்தச் சர்க்கரையை நன்றாக இறக்கியது. பகலில் கடையில் இருப்பவர்கள் அஞ்சடியில் நடக்கலாம்; பையன் கல்லாவைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்வான்.

இனி வரவு செலவு. 100 கிலோ ஆள் 4 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. பால் கலந்த இனிப்பான தே தாரிக் ஒரு கிளாஸும் ஏறக்குறைய அதுவே. ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300. யந்திரத்தின் கணக்குப் பலகை காட்டும் கலோரியை நம்பி இன்னொரு ரொட்டிக்குச் சொல்லி அனுப்பினால் கணக்கு நஷ்டத்தில் முடியும். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் 750 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி. சாப்பாட்டைத் தொடாமல் நடை மட்டும் என்றால் ஒரு கிலோவுக்குப் பத்து வாரம். தேத்தண்ணீரில் சீனியும் பாலும் குறைத்தால் காலம் பாதியாகும். எடை மெதுவாகக் குறைந்தாலும் முழங்காலுக்கு வட்டி சேர்த்துக் கிடைக்கிறது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

நோன்பு மாதத்தில் நீரிழிவுக்காரர்கள் நோன்பு திறக்குமுன் யந்திரத்தில் ஏற வேண்டாம். திறந்து ஒரு மணி நேரம் கழித்தோ, தராவீஹுக்குப் பிறகோ பத்து நிமிஷம் நடந்தால் போதும். பழக்கம் விட்டுப் போகாமல் இருப்பதற்கு அது உதவும். பெருநாள் கழிந்து புதிதாகத் தொடங்க வேண்டியிராது.

யந்திரத்துக்கும் தீனி உண்டு. வாருக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். கனத்தவர்கள் நடக்கும் யந்திரத்துக்குப் புத்தகத்தில் சொன்ன காலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விடுவது நல்லது. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் வார் கெட்டுவிடும். எண்ணெய் வற்றினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் மோட்டார் சூடேறும். யந்திரம் வாங்கும் அன்றே இரண்டு புட்டி எண்ணெயும் சேர்த்துக் கேளுங்கள். விலை பேசி முடிந்த பிறகு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.